மேடவாக்கம் வரைக்கும் ஒரு ஜெபம்

கோத்தகிரியில் பேக்கரி நடத்துகிறவளுக்குச் சென்னை என்பது பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. வெயில் வேறு, தண்ணீர் வேறு, பேச்சும் வேறு. தாம்பரத்தில் இறங்கி ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஊட்டியா?" என்று கேட்டார். கோத்தகிரி என்றேன். "எல்லாம் ஒண்ணுதான், குளிரு" என்று சொல்லிப் பையை எடுத்து வைத்தார்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. என் அக்கா ரூபி முடிச்சூரில் இருக்கிறாள். போன வருடம் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்து முடிந்து, கடைசிக் கட்டமாக ரேடியேஷன் நடந்துகொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். ஆஸ்பத்திரியோ பெரும்பாக்கம் தாண்டி இருக்கிறது. இத்தனை வாரமும் அத்தான் தேவசகாயம்தான் அழைத்துப்போய் அழைத்து வந்தார். கடைசி வாரத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் மகள் ஹைதராபாத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆகவே பேக்கரியை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் கிளம்பி வந்தேன்.

கார் கூப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் வந்த அன்றே கேட்டேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே காரில் கதவைச் சாத்தினால் குமட்டும். மருந்து ஏறிய பிறகு கார் சீட்டின் வாசனையே ஆகவில்லை. ஆட்டோவில் ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் குதித்ததில் ஆபரேஷன் செய்த பக்கம் வலி எடுத்து, வழியெல்லாம் அழுதாளாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் காற்று அடித்தால் மட்டும் அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையோடு சிகிச்சை முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு மெஷினைச் சர்வீஸுக்கு நிறுத்துகிறார்கள், எப்போது திரும்ப ஓடும் என்று அங்கிருப்பவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. நடுவில் இடைவெளி விழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரு நாள்கூட விடக் கூடாது மெர்சி" என்று அக்கா சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைதான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை சீக்கிரமே தயாராகிவிட்டோம். செருப்பு மாட்டப் போனேன். அத்தான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்றார். "ஜெபம் பண்ணிட்டுப் போகலாம்" என்றார்.

அந்த வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் வெளியே காலெடுத்து வைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஆனால் எங்களுடையது இரண்டு வரி. அத்தானுடையது வேறு தினுசு.

"அன்பான ஆண்டவரே, ரூபியும் மெர்சியும் இப்ப புறப்படுறாங்க. முதல்ல வர்ற பஸ்ஸை ஆசீர்வதியும். அந்த டிரைவர் தம்பியை, கண்டக்டர் தம்பியை, நாலு டயரையும் உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம்."

பஸ்ஸுக்கு ஆறு டயர் என்று எனக்குத் தோன்றியது. ஜெபத்தின் நடுவில் திருத்தம் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஜெபம் மெல்ல ஊர்ந்து தாம்பரம் போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்குக்குக் கடக்கும் நடைமேம்பாலத்தின் படிகளில் அக்காவுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று நின்று வேண்டிக்கொண்டது. கிழக்குப் பக்கம் அடுத்த பஸ்ஸில் ஏறி, சேலையூர் சிக்னலில் கொஞ்சம் நின்று, மேடவாக்கம் நெரிசலுக்குள் நுழைந்தது. நெரிசலில் இருக்கும்போதே எங்கள் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. நான் கண்ணை மூடியபடியே அக்காவை முழங்கையால் இடித்தேன். அவள் அசையவில்லை. ஜெபம் பெரும்பாக்கம் தாண்டி, ஆஸ்பத்திரி லிப்ட் ஏறி, கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டு, மெஷினையும் அதை இயக்கும் தங்கச்சியையும் ஆசீர்வதித்து ஆமென் சொன்னபோது பஸ் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போனோம். ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர். அக்கா கையால் மார்பை அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கிழக்குப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஜன்னல் சீட் ஒன்றும் மிச்சமில்லை. நடுவில் நின்றபடி நான் யாரையாவது கேட்கலாமா என்று முழித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, உங்க சார் வரலையா?" என்று ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் அக்காவைக் கேட்டாள். எழுந்து இடம் கொடுத்தாள். அவள் பெயர் கற்பகம். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஆபீஸில் விடிகாலையில் பெருக்கித் துடைக்கிற வேலை. முடித்துவிட்டுப் பெரும்பாக்கம் குடியிருப்புக்குத் திரும்புவது இந்தப் பஸ்ஸில்தான்.

"அவருக்கு கால்ல அடி. இது என் தங்கச்சி, கோத்தகிரியில இருந்து வந்திருக்கா" என்றாள் அக்கா.

"அதான் மூஞ்சி இப்டி செவந்து கீதா?" என்று கற்பகம் என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்த எங்கள் பேக்கரி வர்க்கி பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். மலைக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியாது. கடித்துப் பார்த்துவிட்டு, "டீ இல்லாம இத எப்டி துண்றது" என்றாள். சொன்னாளே தவிர மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மேடவாக்கம் நெரிசலில் மாட்டி, ஆஸ்பத்திரிக்கு நேரம் தவறித்தான் போய்ச் சேர்ந்தோம். மெஷின் அறையில் இருந்த சின்னப் பெண், அத்தானின் ஜெபத்தில் வரும் அந்தத் தங்கச்சிதான், "பதினொரு மணி ஸ்லாட்மா உங்களுக்கு. இன்னிக்கு எடுத்துக்கிறேன், நாளைக்கு லேட் ஆனா கஷ்டம்" என்றாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பசியும் ஒரு காரணம். தாம்பரத்தில் ஒரு சின்ன ஹோட்டலுக்குள் அக்காவை அழைத்துப்போனேன். அங்கே செட் தோசைக்கு வடகறி என்று ஒன்று வைத்தார்கள். அரைத்த கடலைப்பருப்பை வேகவைத்து உதிர்த்துக் குழம்பில் போட்டுப் பட்டை கிராம்பு வாசனையோடு தருகிறார்கள். வடையைப் போய்க் கறியாக்குகிற ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் இரண்டாவது செட் வாங்கினேன். அக்கா ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். "எல்லாமே அட்டையைத் தின்ற மாதிரிதான் இருக்கு, நீ சாப்பிடு" என்று தட்டை என் பக்கம் தள்ளினாள். மருந்தில் அவள் நாக்கு செத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது.

"அத்தான் கொஞ்சம் சுருக்கமா ஜெபம் பண்ணக் கூடாதா?" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே பண்றார்."

"நல்லாத்தான் பண்றார். பஸ்தான் போயிடுச்சு."

அக்கா தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வாரம் என் கூடவே வந்தவர் மெர்சி. இப்ப கால் வராது. அதான் ஜெபத்துலயே ஒவ்வொரு ஸ்டாப்பா கூட வந்துட்டுப் போறார். விடு" என்றாள். நான் விட்டேன். பஸ்ஸைப் பற்றிய கவலையை மட்டும் விட முடியவில்லை.

எங்கள் ஊரில் பஸ் குறைவுதான். ஆனால் டிரைவருக்கு என்னைத் தெரியும். பேக்கரி வாசலில் ஹாரன் அடித்துக் காத்திருப்பார், நான் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய பிரெட் கூடையை ஏற்றுவேன். பஸ்ஸில் இருப்பவர்களும் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். இங்கே பஸ் நிறைய, ஜனம் அதைவிட நிறைய. யாருக்காக யார் நிற்பது?

செவ்வாய்க்கிழமை நான் தந்திரம் செய்தேன். அக்கா மருந்துக்குப் பிறகு முளைத்த குட்டை முடியைச் சீவிக்கொண்டிருக்கும்போதே, "அத்தான், ஜெபம் பண்ணிடலாமே" என்று ஆரம்பித்துவைத்தேன். அக்கா சீப்போடு கண்ணை மூடினாள். இரண்டு பஸ்ஸும் கிடைத்தன. ஆனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இறக்கிவிடச் சொன்னதைக் கண்டக்டர் மறந்துவிட்டார். தாண்டிப்போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். பாதி வழியில் அக்கா ஒரு சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளநீர் வண்டிக்காரர் ஒருவர் கேட்காமலே இளநீர் வெட்டி நீட்டி, "குடிச்சிட்டு மெள்ள போம்மா, ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது" என்றார். ஆஸ்பத்திரி ஓடாது, ஸ்லாட் ஓடிவிடும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. கடைசி நிமிடத்தில் உள்ளே நுழைந்தோம்.

புதன்கிழமை மழை. மழை பெய்தால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு மலையைப் பார்ப்போம். முடிச்சூரில் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். 2015-இல் வந்த பெரிய வெள்ளத்தில் தெருவின் கீழ்த்தளத்துக் குடும்பங்கள் அத்தனையும் அக்கா வீட்டு மாடியில்தான் கிடந்திருக்கின்றன. அதிலிருந்து நாலு தூறல் விழுந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுகிறார். பஸ் தெருமுனைக்கு வராது என்றார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் பெரிய ரோடு வரைக்கும் நடந்தோம். அன்றைக்கு எப்படியும் தவறிவிட்டது என்று நினைத்துத்தான் போனேன். போனால் மெஷின் அறை வாசலில் ஒருவரும் இல்லை. எல்லாருமே தாமதம். தொப்பலாக நனைந்து போன நாங்கள்தான் முதல் ஆள்.

வியாழக்கிழமைக் கதையை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முந்தின நாளே நான் அத்தானிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். வீட்டில் ஜெபம் பண்ணுவதற்குப் பதில் பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பண்ணினால் என்ன? பஸ் வந்தால் ஏறிவிடலாம், நேரம் மிச்சம். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஊன்றுகோலை ஊன்றி, கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தார். மூன்று பேரும் புங்கமரத்தடியில் நின்று தலை குனிந்து கண்ணை மூடினோம்.

ஜெபம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சேலையூர் வந்திருக்கும். அப்போது பஸ் வரும் சத்தம் எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கியர் மாற்றுகிற சத்தம், கண்ணாடி கடகடக்கிற சத்தம், எல்லாம் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கிறது, பிறகு ஒப்புக்கொண்டாள். அத்தானுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் பிறந்ததிலிருந்து ஆமென் சொல்லாமல் கண்ணைத் திறந்து பழக்கமில்லாத மூன்று பேர் நாங்கள். பஸ் வந்தது, மெதுவானது, கை காட்ட ஆளில்லை என்று பார்த்தது, போயே போய்விட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது புகை மட்டும் இருந்தது.

எதிரே இட்லிக்கடைக்காரம்மா, "இன்னா சார், நின்னுகினே தூங்கிட்டீங்களா? பஸ்சு உங்க முன்னாலதான போச்சு" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, வலிக்கிற பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னால போச்சு" என்றார்.

சிரித்ததற்கு அன்று முழுக்க அனுபவித்தோம். அடுத்த பஸ் தாமதமாக வந்தது, கிழக்கில் வழக்கமான பஸ் போய்விட்டிருந்தது, கற்பகமும் இல்லை. மெஷின் அறைப் பெண் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் முடிஞ்சப்புறம் பார்க்கிறேன்மா. இன்னிக்கு கூட்டம், நிச்சயமா சொல்ல முடியாது."

வரிசை நாற்காலியில் உட்கார்ந்தோம். கேன்டீனில் தயிர்சாதமும் ஊறுகாயும் வாங்கி வந்தேன், அக்கா தொடவில்லை. யோசனை சொன்னவள் நான். இன்றைக்கு விட்டுப்போனால் என் புத்திசாலித்தனத்தால்தான் விட்டுப்போகும். சாயங்காலம் கடைசி ஆளாக அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது அவளுக்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். வெளியே வரும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "நாளைக்கு சர்வீஸ்காரங்க மத்தியானமே வந்துடுவாங்க. நாளைக்கு மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை. அத்தான் எங்களுக்கு முன்னால் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். நாங்கள் போனபோது ரோட்டின் ஓரத்தில், பஸ் வரும் திசையைப் பார்த்து, ஒரு கையை முன்னால் நீட்டியபடி நின்றார். "நீங்க கண்ணை மூடிக்கோங்க. நான் மூடல" என்றார்.

அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணி நான் கேட்டது அன்றுதான். குரலே வேறாக இருந்தது, தினமும் பேசுகிற குரல். டிரைவர் தம்பி, கண்டக்டர் தம்பி, டயர், படிக்கட்டு, சேலையூர். "மேடவாக்கத்துல, ஆண்டவரே, அந்த நெரிசல்ல" என்று வந்தவர் நிறுத்தினார். "பஸ் வருது. ஏறுங்க, ஏறுங்க." கையை வேகமாக ஆட்டினார். நாங்கள் ஏறினோம். படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன். மீதி ஜெபத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரியே இருந்தார்.

தாம்பரம் கிழக்கில் பஸ் நின்றதும் கூட்டம் படியை நோக்கிப் பாய்ந்தது. ஆனால் ஒரு ஜன்னல் சீட்டில் சாப்பாட்டுப் பை ஒன்று உட்கார்ந்திருந்தது. கற்பகம் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகப் போட்டு வைத்திருக்கிறாள். "நேத்து எங்க காணோம்? நான் ஒரே பேஜாராயிட்டேன்" என்றாள். பஸ் போன கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேடவாக்கத்தில் பஸ் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. முன்னால் லாரி, பின்னால் வேன், இரண்டு பக்கமும் பைக். எஞ்சினையும் டிரைவர் நிறுத்திவிட்டார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்திருந்தது. அப்போது அவள் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" அத்தான் குரல் பஸ்ஸுக்கே கேட்டது. தனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் அக்கா பேசுவாள்.

"மேடவாக்கத்துல. நிக்குதுங்க. அசையவே இல்ல."

"சரி, நான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றார். ஆரம்பித்தும் விட்டார். "ஆண்டவரே, மேடவாக்கத்துல அந்த நெரிசலை விலக்கும்." அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டாள், அணைக்கவில்லை. பெரும்பாக்கத்துக்காக ஜெபித்தார். லிப்டுக்காக, கரண்டுக்காக ஜெபித்தார். "இத்தனை வாரமா இந்த பஸ்ஸுல ரூபிக்கு இடம் விட்ட ஒவ்வொரு மகராசியையும் ஆசீர்வதியும்" என்றார். இது புதிதாகச் சேர்ந்தது. நான் கற்பகத்தைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமத்தோடு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்திருந்தாள். எல்லாருக்கும் முந்தி அவள்தான் ஆமென் சொன்னாள். பிறகு, "வண்டிய எடுப்பா, ஆஸ்பத்திரி கேசு கீது" என்று டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

லாரி நகர்ந்ததாலா, அவள் போட்ட சத்தத்தாலா தெரியாது, பஸ் நகர்ந்தது. பெரும்பாக்கத்தில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. எங்களோடு வந்து, ஆஸ்பத்திரி பக்கத்தில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் வாக்கு வாங்கிய பிறகுதான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கினாள். மிச்சமிருந்த வர்க்கி மொத்தத்தையும் அவள் பையில் போட்டேன். "டீ போட்டுக்குறேன்" என்றாள்.

நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். அக்கா உள்ளே போனாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. அக்கா தலைமுடி கலைந்து, சேலையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். "முடிஞ்சுது" என்றாள். அவ்வளவுதான். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், வலிக்குதுடி என்று அவள் சொல்லும் வரைக்கும்.

தாம்பரத்தில் அதே ஹோட்டல். அக்கா தனக்கு எதுவும் வேண்டாம் என்றாள், என் தட்டிலிருந்து வழக்கம்போல ஒரு துண்டு மட்டும் பிட்டு வடகறியில் தொட்டு வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். இன்னொரு துண்டு பிட்டாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் சர்வரை அழைத்து, அந்த உப்பு ஜாஸ்தியான வடகறியை இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னோம்.

வீட்டு வாசலில் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனதும் மூவரும் ஹாலில் நின்றோம், யாரும் சொல்லாமலே தலை குனிந்தோம். எந்தப் பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், நிற்கத் தயார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "ரூபி வீட்டுக்கு வந்துட்டா."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஆமென் வருவதற்கு முன்னாலேயே கண்ணைத் திறந்தேன். அத்தான் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அக்காவும் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமென்" என்றாள். "உட்காருங்க. கால் வீங்கிடும்."